நாலாம் நம்பர் மெஷினுக்காரி

தக்வாரெம்போ என்ற ஊரில் ஆட்டு ரோமம் வெட்டும் அந்தக் கோஷ்டிக்கு எட்டு மெஷின். ஒவ்வொன்றின் மேலும் சின்னக் கரும்பலகை. ஏழில் ஆம்பளைப் பெயர்கள். நாலாம் நம்பருக்கு மேலே மட்டும் 'பொம்பளை' என்று எழுதி வைத்திருந்தார் மேஸ்திரி யமாண்டு. நாலு வருஷம் தரையில் ரோமம் பொறுக்கிய பிறகு ஜூல்மாவுக்குக் கிடைத்த மெஷின் அது. "வயிறு கியிறு வந்துச்சுன்னா மெஷின் அடுத்தவனுக்கு" என்று கொடுக்கும்போதே சொல்லிவிட்டார், மகராசன்.

காலையெல்லாம் குனிந்து ஆட்டோடு மல்லுக்கட்டியதில், ஒன்பது மணிக்கு உள்ளே என்னவோ நழுவியது தெரிந்தது. இடைவேளையில் கழிப்பறைக்கு ஓடிப் பார்த்தால், அவளே உள்ளே வைத்து எடுக்கிற, ரப்பர் மாதிரியான கருத்தடை வளையம் உள்ளாடையில் கிடக்கிறது. நேற்றுதான் புருஷன் வந்துவிட்டுப் போயிருந்தான்.

ஆனாலும் சுகாதார நிலைய நர்ஸ் சொன்னது அவளுக்கு மனப்பாடம். மூன்று மணி நேரத்துக்குள் அலசி மறுபடி வைத்துக்கொண்டால் போதும். தாண்டினால் ஏழு நாளைக்கு ஆணுறையும் வேண்டும். கிணற்றடிக்குப் போவதற்குள் மணி அடித்துவிட்டது. மணி அடித்த பிறகு மெஷினில் ஆள் இல்லையென்றால் அதோடு மெஷின் பறிபோய்விடும். வளையத்தைத் துவைத்த கைக்குட்டையில் சுற்றி கொட்டகை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு ஓடினாள். பதினொன்றுக்கு அடுத்த இடைவேளை. நேரம் இருக்கிறது.

பதினொன்றுக்குப் போனால் கைக்குட்டை மட்டும் கிடக்கிறது!

ஆறாம் நம்பர் மெஷின் முன்னால் மேஸ்திரி குத்தவைத்திருந்தார். ஒரு கையில் வளையம், மறு கையில் எண்ணெய்க் குப்பி.

"வாஷர் தேஞ்சு போச்சு. எந்தப் புண்ணியவானோ புதுசு வாங்கி வெச்சிருக்கான்."

"எண்ணெய் விடாதீங்க மேஸ்திரி!" அவள் போட்ட கத்தலில் பட்டி ஆடுகள் மிரண்டன. "அது என்னுது. புள்ளை உண்டாகாம இருக்க நான் உள்ள வெச்சுக்கற வளையம்."

முதலில் சிரித்தவன் அஞ்சாம் நம்பர் ரமோன். "போச்சு, இனி ஆறாம் நம்பருக்குக் குட்டி பொறந்துடுமே, தாயே!"

"சிரிடா சிரி. அஞ்சு பெத்தவன்தானே நீ? முன்னாடியே கேட்டிருந்தா உன் பொண்டாட்டிக்குச் சொல்லிக் குடுத்திருப்பேன்."

இப்போது மற்ற ஆறு பேரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். மேஸ்திரி காது சிவக்க வளையத்தை நீட்டினார்.

சமையல்காரி நெலிடா மாத்தே இலைத் தேநீர் போட வைத்திருந்த வெந்நீர்க் குடுவையோடு ஓடிவந்தாள். "இந்தா கண்ணு, கொதிக்கக் கொதிக்க ஊத்திக் கழுவு!"

"ஐயோ, சூடு ஆகாதுக்கா. பச்சைத் தண்ணிதான்."

கையை சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான கிணற்று நீரில் வளையத்தை அலசி, மறுபடி வைத்துக்கொண்டு வந்தபோது மணி பதினொன்றேகால். முக்கால் மணி நேரம் மிச்சம். அவளுக்கே தன்னை நினைத்துப் பெருமையாக இருந்தது.

"சரியாப் போச்சா?" என்றார் மேஸ்திரி, வேறெங்கோ பார்த்தபடி.

"ஆச்சு. மெஷினுக்கு வாஷர் நீங்க பாருங்க. என் உடம்பை நான் பாத்துக்கறேன். சீசன் முடியற வரைக்கும் இந்த மெஷின் எனக்குத்தான்."

மேஸ்திரி சட்டைப் பையிலிருந்த சாக்கட்டியை எடுத்து அவளிடம் நீட்டினார். 'பொம்பளை'யை ஈரக்கையாலேயே அழித்துவிட்டு, கொட்டகையின் அந்தக் கோடியில் நிற்பவனுக்கும் தெரிகிற மாதிரி பெரிதாக எழுதினாள்: ஜூல்மா.