ஒரு வீட்டுக்கு ஒரு குரல்

பெட்ரோல் விலை ஏறினால் வேறு யாருக்கு வயிறு எரிகிறதோ இல்லையோ, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற எனக்கு எரியும். அன்று காலையிலும் ஏறியிருந்தது. விலைப் பலகையைப் பார்த்து நான் திட்டிய திட்டில், பங்க்கில் பெட்ரோல் போடுகிற பெண், "அக்கா, நானா விலை வைக்கிறேன்?" என்று அழாத குறையாகக் கேட்டாள்.

அதனால்தான் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு எங்கள் தெருவே என் ஒரே வேனில் கிளம்பியது. ஊருக்கு வெளியே எண்ணெய்க் கிணறு தோண்டலாமா கூடாதா என்று அதிகாரிகள் மக்களைக் கேட்கிற கூட்டம். தோண்டு என்கிறவர்களும் தோண்டாதே என்கிறவர்களும் தனித்தனி வண்டியில் போனால்தான் மரியாதை. விற்கிற விலையில் மரியாதையாவது ஒன்றாவது! ஆதரவு இடப்பக்கம், எதிர்ப்பு வலப்பக்கம் என்று பிரிந்து, பிள்ளைகள் உட்காரும் குட்டி இருக்கைகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொண்டு வழியெல்லாம் சண்டை போட்டார்கள்.

எதிர்ப்புக்குத் தலைவி என் பக்கத்திலேயே முன் இருக்கையில் இருந்தார். என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு அண்ணி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இல்லாத தம்பியை வளர்த்து, எனக்குக் கட்டிவைத்து, இன்னும் எங்களோடுதான் இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார். கிணறு வரப்போவது அந்தப் பண்ணையின் மதிலுக்கு அந்தப்பக்கம்.

என் கதை வேறு. என் வீட்டுக்காரர் எண்ணெய்க் கிணற்றில்தான் வேலை பார்க்கிறார். எங்கோ ஒரு நாட்டுக் கடலுக்கு நடுவில், இரும்புக் கால்களில் நிற்கிற மேடையில். போன விடுமுறையில் அவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, பல் விழுந்ததை அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று எங்கள் மகள் போனைத் தேடினாள். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இங்கே கிணறு வந்தால் உள்ளூர்க்காரர்களுக்குத்தான் முதலில் வேலை என்கிறார்கள். காலையில் போனவர் சாயங்காலம் வீட்டுக்கு வருவார். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பெட்ரோல் விலை குறையும் என்பதெல்லாம் வெளியில் சொல்லிக்கொள்வதற்கு.

"நம்ம மண்ணுல எடுத்தா நமக்குச் சல்லிசா கொடுப்பாங்களாக்கும்!" என்றார் அண்ணி, பின்னால் திரும்பி. "எவன் அதிக விலை கொடுக்கிறானோ அவனுக்குத்தான் போகும். புகை மட்டும் நமக்கு."

"அதுக்காக ஊரான் எண்ணெய்க்கே காலம்பூரா கையேந்தணுமா?" என்று இடப்பக்கத்திலிருந்து எங்கள் தெரு மெக்கானிக் எகிறினார்.

"தண்ணி கெட்டுப்போச்சுன்னா அப்புறம் யார்கிட்ட கையேந்துவ?"

எனக்குப் பொறுக்கவில்லை. "உங்களுக்குச் செடி இருந்தா போதும் அண்ணி. எனக்கு ஆள் வேணும்" என்று சொல்லிவிட்டேன். அண்ணி சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூட்டம் நடக்கிற மண்டபம் வரும்வரை இந்தப்பக்கம் திரும்பவே இல்லை.

மண்டப வாசலில் பேர் கொடுக்கப் போனோம். அங்கே இருந்த இளைஞன் எங்கள் இருவரின் விலாசத்தையும் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"ஒரு வீட்டுக்கு ஒருத்தர்தான் பேசலாம்மா."

"தம்பி, நாங்க ரெண்டு கட்சி" என்றேன்.

"வீடு ஒண்ணுதானே?"

"வீடு ஒண்ணு, அடுப்பு ஒண்ணு. கருத்துதான் வேற."

"கருத்துக்குன்னு தனிக் கதவு இல்லையேம்மா" என்றான், பாவம். வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள்.

அண்ணி சிரிக்கவில்லை. என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "நீயே பேசு."

"அண்ணி, நீங்க ராத்திரியெல்லாம் சொல்லிப் பார்த்துட்டு இருந்தீங்களே..."

"இருந்துட்டுப் போகட்டும். என் தம்பி திரும்பி வர்ற வழியை இந்த வாயால அடைச்சேன்னு நாளைக்கு எனக்கே தோணக் கூடாது. போடி, போய்ப் பேசு."

வேனில் வாய்க்கு வந்ததைப் பேசினேனே, அந்த நாக்கைப் பிடுங்கிப் போடலாம் போல இருந்தது. அண்ணி கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

என் முறை வந்தது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். எதுவானாலும் அண்ணி பேசி முடித்த பிறகுதான் நான் பேசுவேன். எவ்வளவு கோபமானாலும் சாப்பாட்டு மேசையில் அதுதான் முறை. மைக்கின் முன் நின்றதும் பழக்கதோஷத்தில் அப்படியே வந்துவிட்டது.

"எங்க வீட்ல பெரியவங்க இருக்காங்க. அவங்க சொல்றதை முதல்ல சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தேன். பண்ணைக்கும் வீட்டுக்கும் ஒரே போர்வெல் தண்ணீர்தான் என்றேன். அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு எண்ணெய் கலந்தால் எந்த அதிகாரி வந்து பிரித்தெடுத்துக் கொடுப்பார் என்று கேட்டேன். இந்த ஊரில் பாதித் தோட்டங்களில் நிற்பது அண்ணியின் நாற்றுகள் என்றேன். தினமும் காதில் விழுந்ததுதான், தங்குதடை இல்லாமல் வந்தது. அண்ணி மேசையைத் தட்டுகிற இடத்தில் நானும் தட்டினேன். வேனின் வலப்பக்கத்துக்காரர்கள் விசில் அடித்தார்கள். மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அது அவங்க பேச்சு. இப்ப என் பேச்சு..." என்றேன். மணி அடித்துவிட்டது.

"நேரம் முடிஞ்சுதும்மா" என்றார் அதிகாரி.

"சார், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!"

"எல்லாருக்கும் ஒரே நேரம்தான். எதிர்ப்புன்னு எழுதிக்கறோம். அடுத்தவங்க வாங்க."

மண்டபமே சிரித்தது. சொல்ல வந்த ஒரே விஷயத்தைச் சொல்லாமல் அவரைக் கடலிலேயே விட்டுவிட்டேனே என்று கண்ணில் தண்ணீர் முட்டியது. வேன் ஓட்டுகிறவள், ஊரெல்லாம் வாய் பேசுகிறவள், மைக்கைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி நின்றேன்.

"அவ சொல்ல மறந்ததை எழுதிக்குங்க சார்!"

கடைசி வரிசையில் அண்ணி எழுந்து நின்றிருந்தார். மைக் இல்லாமலே அந்தக் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"இவ புருஷன், என் தம்பி, கடல்ல கிடக்கறான். பெத்த பொண்ணு அவனைப் போன்ல தேடுது. இங்க வேலை வந்தா அவன் வீட்டோட இருப்பான். அதுக்குத்தான் இவ வந்திருக்கா. அதையும் எழுதுங்க."

"அம்மா, உங்களுக்குப் பேச அனுமதி இல்ல. அவங்க உங்க பேச்சைப் பேசறாங்க, நீங்க அவங்க பேச்சைப் பேசறீங்க. நான் எதைத்தான் எழுதறது?" அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "சரி, உங்க வீட்டு முடிவுதான் என்ன?"

அண்ணி என்னைப் பார்த்தார்.

"அவன் வீட்டுக்கு வரணும்" என்றார்.

நான் மைக்கை வாய்க்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டேன்.

"வந்தா, குடிக்கத் தண்ணி இருக்கணும்" என்றேன்.