மருமகள் கொடுத்த முடி

“ஆத்தா, கண்ணு ரெண்டும் எப்படி வீங்கிக் கெடக்கு பாருங்க,” என்று இறந்தவரின் தங்கை, பந்திங்கிலிருந்து வந்திருந்த சின்னம்மா, சந்திரகலாவின் முகத்தை இரு கைகளாலும் பிடித்து, கூடியிருந்த பெண்களின் பக்கம் திருப்பிக் காட்டினார். “பெத்த மவ கூட இப்படி அழுவல. மருமவன்னா இவ மருமவ.”

பெற்ற மகள் புனிதா, அம்மாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

உண்மையில் சந்திரகலா காலையிலிருந்து ஒரு சொட்டுகூட அழவில்லை. அந்த வீக்கம் நெற்றியிலிருந்து இறங்கி வந்தது. ஐந்து நாளுக்கு முன்னால் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாடி கிளினிக்கில் அவளுக்கு முடி நட்டிருந்தார்கள். பின்மண்டையில் ஒரு பட்டையை மழித்து, அங்கிருந்து முடியை வேரோடு ஒவ்வொன்றாக எடுத்து, வகிட்டிலும் முன்தலையிலும் செம்பனைக் கன்று வைப்பது போல இடைவெளி பார்த்து வைத்தார்கள். நெற்றி வீங்கும், பிறகு கண்ணுக்கு இறங்கும், தானாகவே வற்றிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கண்ணுக்கு இறங்கும் நாளில் மாமியார் போய்விடுவார் என்று அவர் சொல்லவில்லை.

பத்து நாளைக்குத் தலையைத் தேய்க்கக் கூடாது, எதிலும் இடித்துக்கொள்ளக் கூடாது, யாரையும் தலையில் கை வைக்க விடக் கூடாது என்பதும் டாக்டரின் விதிகள். சாவு வீட்டைத் தவிர வேறு எங்கே இருந்தாலும் கடைப்பிடித்துவிடலாம். இங்கே வருகிற ஒவ்வொரு பெண்ணும் கட்டிப்பிடித்துத் தலையோடு தலை முட்டி அழுதாள். சந்திரகலா ஒவ்வொரு முறையும் முகத்தை விலக்கித் தோளைக் கொடுத்தாள். முந்தானையைத் தளர்வாகத் தலைக்கு மேல் போட்டிருந்தாள். அதற்கும் பாராட்டு கிடைத்தது. இந்தக் காலத்தில் யார் இப்படி மரியாதையாக முக்காடு போடுகிறார்கள் என்று வாசலில் போட்ட கெமா கூடாரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த ஓர் ஆன்டி தன் மருமகளைப் பார்த்துச் சொன்னார்.

நாற்பத்தொன்பது வயதில் இதெல்லாம் தேவையா என்று சந்திரகலா தன்னையே பலமுறை கேட்டிருக்கிறாள். பூச்சோங்கில் ஒரு இடைநிலைப்பள்ளி அலுவலகத்தில் கிராணியாக எழுத்து வேலை. கவுன்டருக்கு வருகிறவர்கள் அவள் குனிந்து எழுதும்போது உச்சந்தலையைத்தான் பார்க்கிறார்கள். கம்பத்து ஒற்றையடிப் பாதை போல இருந்த வகிடு வருஷா வருஷம் இரண்டு பக்கமும் அகலமாகிக் கூட்டரசு நெடுஞ்சாலையாகிவிட்டது. வெங்காயச் சாறு தேய்த்தாள். முடி வரவில்லை, பக்கத்து மேசைக்காரர் இடம் மாறினார். பிறகு ஒரு கறுப்புப் பொடி வாங்கி வழுக்கையில் தூவிக்கொண்டாள். புனிதாவின் மகள் கல்யாணத்தில், மேடையில் ஆரத்தி எடுக்கும்போது, வியர்வையோடு அந்தப் பொடி நெற்றியில் இரண்டு கறுப்புக் கோடாக இறங்கியது. வீடியோக்காரன் அதைத் திறமையாக எடுத்திருந்தான். அதற்குப் பிறகு அவள் எந்தக் கல்யாணத்திலும் கடைசி வரிசைக்கு முன்னால் உட்கார்ந்ததில்லை.

ஆபரேஷன் செய்துகொள்ள ஒரே தடை மாமியார் இராஜம்மாதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து, பூச்சோங் வீட்டு ஹாலில் கட்டிலோடு இருந்தார். குளிப்பாட்டுவது, பேம்பர்ஸ் மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் சந்திரகலா. அதனால் அவள் நாத்தனார் புனிதாவுக்குப் போன் செய்து, “அண்ணி, லங்காவித் தீவுல ஆபீஸ் கோர்ஸ், ரெண்டு வாரம். அத்தைய நீங்க கொஞ்சம் வெச்சுக்கிறீங்களா?” என்றாள். புனிதா கிள்ளானிலிருந்து கார் எடுத்துவந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். நோயாளி வேனில் இல்லை, காரின் முன்சீட்டில் உட்காரவைத்து. வாசலில் நின்று கையசைத்ததுதான் சந்திரகலா கடைசியாக அத்தையைப் பார்த்தது.

இன்று விடியும்போது போன் வந்தது. தூக்கத்திலேயே போய்விட்டார். காரியமெல்லாம் கிள்ளானில் புனிதா வீட்டிலேயே என்று ஆனது. கேட்டதும் சந்திரகலாவுக்கு முதலில் வந்தது ஒரு பெருமூச்சு. அது எந்த வகைப் பெருமூச்சு என்று அவள் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. ஒன்று மட்டும் தெரிந்தது: தன் மண்டையில் முடி நடுவதற்காகச் சாகக் கிடந்த கிழவியைக் கைமாற்றி விட்டாள் என்று புனிதாவுக்குத் தெரிந்தால், இந்த வீட்டில் இனி அவளுக்குத் தண்ணீர்கூடக் கிடைக்காது. கிடைக்கக் கூடாது என்றும் அவளுக்குத் தோன்றியது.

வெளியே குழாயடியில் சுகுமாறனுக்கு மொட்டை போட்டார்கள். ஒரே மகன். ஐம்பத்திரண்டு வயதிலும் சீப்பு உடைகிற முடி. மழித்து முடித்து, ஈரத் தலையோடு மனைவிக்குப் பக்கத்தில் வந்து குந்தினான்.

“பாத்தியா கலா,” என்றான் காதுக்குள். “அவ்ளோ வெளச்சலும் லோங்காங்ல, சாக்கடையோட போவுது. டாக்டருக்கு ஒரு போன் போட்டிருந்தா வந்து அள்ளிக்கிட்டு போயிருப்பாரு.”

“செத்த வாய மூடிக்கிட்டு இருங்க.”

“எங்கம்மாவுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா ரொம்ப சிரிச்சிருப்பாங்க,” என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினான். பிறகு துண்டால் தலையைத் துடைப்பது போல முகத்தை நெடுநேரம் துடைத்துக்கொண்டான்.

எண்ணெய், சீயக்காய் வைக்கக் கூப்பிட்டார்கள். உறவுப் பெண்கள் வரிசையாக வந்து இறந்தவரின் தலையில் தொட்டு வைக்க வேண்டும். மருமகள்தான் முதலில். “முடிய அவுத்து விடு, கட்டிக்கிட்டா வெப்பாங்க,” என்று சொல்லிக்கொண்டே பின்னால் நின்ற சின்னம்மா அவளுடைய கிளிப்பைக் கழற்றினார். சந்திரகலா பெட்டிக்குள் குனிந்தாள். முந்தானை நழுவியது. அவிழ்ந்த முடி இரண்டு பக்கமும் முன்னால் சரிய, பின்மண்டையில் மழித்த பட்டையும் அதில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகளும், பார்க்கிறவர்கள் பார்க்கலாம் என்று திறந்து கிடந்தன.

சின்னம்மாவின் கை நின்றது.

“முடி குடுத்திருக்கியா?” என்றார் மெல்ல.

சந்திரகலா நிமிரவில்லை. அத்தையின் தலையில் எண்ணெய் வைத்த விரல் அங்கேயே இருந்தது.

“எங்கக்காவுக்காகவா? இழுத்துக்கிட்டு கெடக்காம நல்லபடியா போய்ச் சேரணும்னு வேண்டிக்கிட்டியா? பத்துமலையிலயா?” சின்னம்மாவின் குரல் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு படி ஏறியது. “எல்லாரும் பாருங்க. வாய தொறந்து ஒரு வார்த்த சொல்லாம பூமுடி குடுத்துட்டு வந்திருக்கா. முருகனும் கேட்டுட்டான். தூக்கத்துலயே கூப்டுக்கிட்டான்.”

இல்லை என்று சொல்ல சந்திரகலா வாயைத் திறந்தாள். மேளக்காரர்கள் அந்த நேரம் பார்த்து ஆரம்பித்தார்கள். மேளம் ஓய்வதற்குள் செய்தி கெமாவைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது. மினரல் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவளுக்கு மட்டும் மூடியைத் திறந்து கொடுத்தார்.

புனிதா எழுந்து வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “லங்காவியிலேருந்து முக்கா மணி நேரத்துல எப்படி வந்தேன்னு காலையிலேருந்து யோசிச்சுக்கிட்டே இருந்தேன் கலா. கோர்ஸுன்னு சொல்லிட்டு கோயிலுக்குப் போயிருக்க. மவ நான், எனக்கு அது தோணலையே.”

அவள் அழுதது உண்மையான அழுகை. சந்திரகலாவுக்குப் பெட்டிக்குள் அத்தைக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்குமா என்று பார்க்கத் தோன்றியது.

பெட்டியை எடுத்தார்கள். வேன் தெருமுனை திரும்பியதும், ஆண்கள் எல்லாரும் பின்னால் போனதும், வீட்டில் பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள். வீடு கழுவிவிட ஒருத்தி துடைப்பம் எடுத்தாள். தலைக்குக் குளிக்க வேண்டும், நெருங்கிய சொந்தம் முதலில். சந்திரகலா குளியலறைப் பக்கம் திரும்பியபோது சின்னம்மா கையில் ஒரு கிண்ணத்தோடு வழியை மறித்து நின்றார். கிண்ணம் நிறையக் குழைத்த சந்தனம்.

“முடி குடுத்த தலைக்குச் சந்தனம் வெக்கலேன்னா வேண்டுதல் நெறையாது. யாரும் ஒனக்கு வெச்சு விடலையா? குனி. அழுத்தித் தேச்சாத்தான் சூடு எறங்கும்.”

“அப்பறம் வெச்சுக்கிறேன் சின்னம்மா.”

“அப்பறம் என்னா அப்பறம். நான் பந்திங் போவ வேணாமா? குனி.”

எலும்பும் நரம்புமான அந்தக் கையை சந்திரகலா பார்த்தாள். நாற்பது வருஷம் தோட்டத்தில் வேலை செய்த கை. ஒரு தேய்ப்பில் கன்று அத்தனையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். சின்னம்மாவின் அக்குளுக்கு அடியில் குனிந்து நுழைந்து, குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழ் போட்டாள்.

உள்ளே புனிதா வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, இது வேண்டுதல் இல்ல.”

“எது?”

“முடி. பத்துமலைக்குப் போகல. லங்காவியும் இல்ல. ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். பின்னாடி இருக்குற முடிய எடுத்து முன்னாடி நட்டுக்கிட்டேன்.”

புனிதா குழாயை மூடினாள்.

“அதுக்காகத்தான் அத்தைய உங்ககிட்ட விட்டேன். மூஞ்சி வீங்கிப் போச்சு, வந்தா கேப்பீங்கன்னு வந்து பாக்கக்கூட இல்ல. அழுது வீங்கல அண்ணி. அதுவும் ஆபரேஷன்தான்.”

கதவை சின்னம்மா இரண்டு தட்டுத் தட்டினார். புனிதா சந்திரகலாவின் முன்தலையை ஒரு சிரங்கைப் பார்ப்பது போல நெருங்கி வந்து பார்த்தாள். மணல்மணி அளவுக்குப் பொருக்குப் பொருக்காக, நடுவில் குட்டைக் குட்டையாக முடிகள்.

“யாரு முடி இது?”

“என் முடிதான் அண்ணி.”

“வேற யாரோடதும் இல்லையே?”

“இல்ல.”

“வலிச்சுச்சா?”

“ஊசி போடும்போது மட்டும்.”

“இது வளருமா?”

“மொதல்ல நட்டதெல்லாம் கொட்டிடுமாம். அப்பறம் மூணு நாலு மாசத்துல மொளைக்குமாம்.”

“கொட்டுறதுக்கா நட்டாங்க?” என்ற புனிதா கமோட் மூடியின் மேல் உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து சந்திரகலா கிட்டே போனாள். இல்லை.

சிரித்து ஓய்ந்ததும் புனிதா துண்டை மடியில் வைத்தாள்.

“நானும் ஒன்னு சொல்லணும். நீ கோவிச்சுக்கக் கூடாது. காலையிலேருந்து ஒன் மூஞ்சிய பாக்க எனக்குப் பயமா இருந்துச்சு.”

“என்ன அண்ணி?”

“அம்மா இங்க வந்த மறுநாளே கேட்டாங்க, கலா எப்ப வருவான்னு. பாவம், ஒன்ன தேடுறாங்கன்னு நெனச்சுக்கிட்டு, இன்னும் ரொம்ப நாள் இருக்கும்மான்னேன். அப்பாடான்னாங்க.”

“அப்பாடாவா?”

“உப்பில்லாத கஞ்சியாம், சீனி போடாத டீயாம், நாடகம் பாதியில இருக்கும்போதே லைட்ட அடைச்சிடுறியாம். பள்ளிக்கூடம் மாதிரி நடத்துறான்னாங்க. கோணின வாயில வேற ஒன்னும் சரியா வராது, இது மட்டும் தெளிவா வந்துச்சு.” புனிதா துண்டின் நூலை இழுத்தாள். “சாயங்காலமானா சீவுன ஐஸு, ஐஸ் காச்சாங் வேணும்னு அடம். நீ சீனின்னா அவ்ளோ கண்டிப்பு. இருந்தாலும் நான் தினம் வாங்கிக் குடுத்தேன் லா. ஒருவேள அதனாலதானோன்னு…”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“வயசு, ஹார்ட்டுன்னாரு. சீனின்னு சொல்லல.”

சந்திரகலா சுவரில் சாய்ந்து நின்றாள். இரண்டு வருஷமாகக் கரண்டியால் அளந்து அளந்து போட்ட உப்புக்கு அவளுக்கு நியாயமாகக் கோபம் வந்திருக்க வேண்டும். அது வருகிறதா என்று கொஞ்ச நேரம் காத்துக்கூடப் பார்த்தாள். நெஞ்சுக்குள் காலையிலிருந்து ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போவது மட்டும்தான் தெரிந்தது. அத்தை லீவில் இருந்திருக்கிறார்.

“செவப்பு சிரப் ஊத்துனதா?” என்றாள்.

“நெறைய ஊத்தச் சொல்லுவாங்க. கடலையெல்லாம் நான் பொறுக்கி எடுத்துடுவேன்.”

“நேத்தும் சாப்டாங்களா?”

“முழுசா. கடைசில கிண்ணத்தத் தூக்கிக் குடிக்க வெச்சேன். நாக்கு செவந்து போச்சு. காட்டுன்னா காட்டுனாங்க.”

கதவு மறுபடி அதிர்ந்தது. “உள்ள என்னா பண்றீங்க ரெண்டு பேரும்? இருக்குறது ஒரே பாத்ரூம். சந்தனம் காயுது.”

“நானே வெச்சு விட்டுட்டேன் சின்னம்மா,” என்று புனிதா குரல் கொடுத்தாள்.

“அழுத்தித் தேச்சியா?”

“நல்லா தேச்சேன்.”

சந்திரகலா அவளைப் பார்த்தாள். “வெளிய போய் உண்மைய சொல்லிடவா அண்ணி?”

“இந்நேரம் பந்திங் வரைக்கும் போயிருக்கும். இனிமே யார்கிட்ட போய்த் திருப்பி வாங்குறது? இன்னொரு நாளைக்கு மெதுவா சொல்லிக்கலாம். ஒக்காரு.” புனிதா எழுந்து குவளையை எடுத்தாள். “எப்படி ஊத்தணும்?”

“ஒசரத்துலேருந்து ஊத்தக் கூடாது. கை படக் கூடாது. சும்மா தண்ணி ஓடுனா போதும்.”

சந்திரகலா குட்டை முக்காலியில் உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டாள். புனிதா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, குவளையை அவள் தலைக்கு மிக அருகில் கொண்டுவந்து சாய்த்தாள். தண்ணீர் கண்ணுக்குள் போகாமல், பொருக்குகளுக்குக் கீழே நெற்றியில் இன்னொரு கையைக் குழித்து அணை கட்டினாள். வெளியே யாரோ தரையில் வாளித் தண்ணீரை வீசிக் கொட்டினார்கள். துடைப்பம் தேய்க்கும் சத்தம் அறை அறையாக நகர்ந்தது.

குவளை காலியாகி, புனிதா அதைக் கீழே வைத்த பிறகும், நெற்றியில் இருந்த கையை எடுக்கவில்லை.