வலப்பக்கத்துப் பட்டியல்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், இந்தக் குடும்பத்தின் தலைவிதி இனி ஜெர்மன் மொழியின் ஒரு டஜன் குட்டிச் சொற்களைப் பொறுத்தது. அறிவித்தவர் அண்ணன். காலை டீயும் கையுமாக எழுந்து நின்று, தொண்டையைச் செருமி அறிவித்தார். கேட்டவர்கள் மூன்று பேர்: அவர் மனைவி, அந்தச் சொற்களைப் படிக்கவேண்டிய தங்கை, பக்கவாதம் வந்து எட்டு மாதமாக உள்ளறைக் கட்டிலில் கிடக்கும் அப்பா.

தங்கை நர்ஸ். ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லம் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. மொழித் தேர்வில் தேற வேண்டும். அந்தக் குட்டிச் சொற்களின் அட்டவணையை அப்பாவின் தலைமாட்டுச் சுவரில் ஒட்டினாள். இடப்பக்கம், செய்கிறவர்: இஹ், டூ, ஏர் - நான், நீ, அவர். வலப்பக்கம், செய்வதை வாங்கிக்கொள்கிறவர்: மிஹ், டிஹ், ஈன் - என்னை, உன்னை, அவரை. அப்பாவை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்; இல்லாவிட்டால் உடம்பு புண்ணாகிவிடும். புரட்டிக்கொண்டே படித்தாள். "இஹ் வாஷெ ஈன்." நான் அவரைக் கழுவுகிறேன். "ஏர் சீட் மிஹ்." அவர் என்னைப் பார்க்கிறார். அப்பா பார்த்தார். முப்பது வருஷம் பஸ் டெப்போவில் டைம்கீப்பராக உட்கார்ந்து ஊரையே லேட் என்று எழுதியவர். இப்போது அவர் இருப்பு முழுக்க வலப்பக்கத்துப் பட்டியலில்தான்.

"அங்க போயி எவன் அப்பனையோ கழுவுறதுக்கு, இங்க நம்ம மாமாவ வச்சு ஒத்திகை" என்றாள் அண்ணி.

"உனக்கென்னடி தெரியும்? அது படிப்பு" என்றார் அண்ணன்.

தேர்வன்று காலை அப்பாவை இடப்பக்கமாகப் படுக்கவைத்துவிட்டுக் கிளம்பினாள். அண்ணி அதிகாலையிலேயே வேலைக்குப் போயிருந்தாள்.

"அண்ணா, பத்து மணிக்கு ஒரு தடவ, பன்னெண்டுக்கு ஒரு தடவ, ரெண்டுக்கு ஒரு தடவ. மறந்துடாத."

"எனக்கும் அவர் அப்பாதாம்மா. நீ போ."

தேர்வில் ஒரு படத்தைக் காட்டினார்கள்: கட்டிலில் கிழவர், பக்கத்தில் ஒரு பெண். ஒரு சொல் பிசகாமல் ஏழு வாக்கியம் சொன்னாள். தேர்வு நடத்திய அம்மாள் சிரித்துத் தலையாட்டினாள்.

மூன்று மணிக்கு வீடு திரும்பியபோது அண்ணன் வாசலில் போனில் இருந்தார். "ஜெர்மனிங்க! ஆமா, என் தங்கச்சிதான். நான்தான் படிக்கவச்சேன்."

உள்ளே அப்பா அவள் விட்டுப்போன அதே இடப்பக்கமாகக் கிடந்தார். விரிப்பு நனைந்து, அதன் ஓரம் காய்ந்தும் விட்டது. புரட்டியபோது, அடியிலிருந்த இடுப்பெலும்பின் மேல் ஒரு கை அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. அவர் அவளைப் பார்த்தார். கழுவினாள். விரிப்பை மாற்றினாள்.

அண்ணன் கதவோரம் நின்றார். "போன் மேல போனுடி. எந்திரிக்கவே விடல."

தேர்வில் எண்பத்தொன்பது வாங்கினாள். புண் ஆழமாகிக்கொண்டே போனது. இரண்டு மாதம் தள்ளிச் சேரலாமா என்று முதியோர் இல்லத்துக்குக் கேட்டு எழுதினாள். முடியாது என்று பதில் வந்தது.

போனாள்.