சாந்து வைத்து அடைத்த வாய்

குழாயின் வாயை எவனோ சுண்ணாம்புச் சாந்து வைத்து அடைத்திருந்தான். எவனோ என்ன எவனோ! ஓரத்தைக் கட்டைவிரலால் வழித்துவிட்டிருந்த லட்சணத்தைப் பார்த்ததுமே ரொகாத்தாவுக்குத் தெரிந்துவிட்டது. கார்த்தேஜ் பட்டணத்தில் எத்தனை கொத்தனார்கள் இருந்தாலும் அப்படி வழிக்கிறவன் அவள் புருஷன் பாரிக் ஒருவன்தான். செத்தவர்களுக்குப் படைக்கிற நாள் அது, ஊரே சுடுகாட்டில்தான் இருந்தது. ஒவ்வொரு சமாதியிலும் மண்குழாய் வழியாகப் பாலும் திராட்சை ரசமும் கீழே சாம்பல் பானைக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. பால் பல்கூட விழாத வயதில் போன அவள் மகள் அரிஷாவுக்கு மட்டும் வாயில் சாந்து.

பக்கத்துச் சமாதியில் குடும்பத்தோடு உட்கார்ந்து அப்பம் தின்றுகொண்டிருந்த யனுவாரியா எட்டிப் பார்த்தாள். "என்னடி, உன் புருஷன் புதுச் சாமிகிட்டப் போனதும் போனான், பிள்ளையப் பட்டினி போட்டுட்டானா?"

"உன் அப்பத்தப் பாத்துத் தின்னு" என்றாள் ரொகாத்தா.

பாரிக் எங்கேயும் போய்விடவில்லை. சமாதிக்கு அந்தப் பக்கம், சாந்து பூசும் கரணையை மடியில் வைத்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். அவள் வருவாள் என்று தெரிந்தே காத்திருந்திருக்கிறான். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"யோவ், இத எடு."

"எடுக்க மாட்டேன்."

"பெத்தவனாய்யா நீ? பிள்ளை பால் குடிக்கிற வழிய அடைச்சிட்டுக் குந்தியிருக்கியே."

"யாரு குடிக்கிறா?" பாரிக் எழுந்தான். "எங்கப்பன் சமாதி வெடிச்சிருந்துச்சுன்னு நான்தானே பிரிச்சேன். அந்தாளுக்கு நாம ஊத்துனது அத்தனையும் அப்படியே கெடக்கு. கருப்பா, புழுத்து, வெந்த எலும்பு மேல கட்டிகட்டியா. ஒரு வாய் குடிக்கல. எறும்புதான் குடிச்சிருக்கு. என் பிள்ளை மேலயும் அது சேரணுமா?"

இதை அவன் வீட்டில் சொல்லவில்லை. அந்தக் கருப்பு ஒரு கணம் அவள் கண்ணுக்குள் வந்து போனது. இடுப்பில் பால்குடம் திடீரென்று கனத்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"ஆவி குடிக்கிறது வேற, வாய் குடிக்கிறது வேற."

"ஆவிக்கு எதுக்குடி பசி? அப்படியே பசிச்சாலும் இன்னைக்கு ஊத்துனா வருஷம் பூரா தாங்குமா? சாட்டர்ன் சாமி கோயில் கூரையப் பூச ஏறினேன். சாமி வாய்க்குள்ள குருவி கூடு கட்டியிருக்கு, நெஞ்செல்லாம் எச்சம். தன் வாயில இருக்கிற குருவிய வெரட்டத் துப்பில்ல. அதுகிட்டயா ஆட்டுக்குட்டி நேந்துக்கிட்டு, காய்ச்சல எறக்கி விடுன்னு மண்டிபோட்டு அழுதேன்? ஆட்டையும் வாங்கிக்கிச்சு, பிள்ளையையும் வாங்கிக்கிச்சு."

புதுச் சாமிக்காரர்கள் வாரம் தவறாமல் கூடிப் பேசுகிற பேச்சுதான் இது, ரொகாத்தாவுக்குத் தெரியும். பேச்சு அவர்களுடையது, கோபம் மட்டும் அவன் சொந்தக் கோபம். அந்தக் கோபம் அவளிடமும் இருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொட்ட இடம் இல்லாமல்தான் பாலைக் கொண்டுவந்து கொட்டுகிறாள்.

"சரிய்யா. சாமி கல்லு, ஒத்துக்கிறேன். எனக்கு மட்டும் அந்தக் கல்லு மேல ஆத்திரம் இல்லையா? என் பிள்ளை இங்க இல்லன்னா எங்க இருக்கா? அத மட்டும் சொல்லு. குடத்தத் தூக்கிட்டு இப்பவே வீட்டுக்குப் போயிடுறேன்."

"கடவுள்கிட்ட..."

"தண்ணியில முங்குனவங்கதான் அங்க போவாங்கன்னு நீதானே சொன்ன? அவ எங்கய்யா முங்குனா?"

பாரிக் கரணையின் முனையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "எங்க சபை மூப்பர்கிட்டக் கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"அதெல்லாம் கேக்கக்கூடாதுன்னாரு."

ரொகாத்தாவுக்குச் சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பில்லை அது. "எங்க சாமிய மட்டும் தெருத்தெருவா நிறுத்திக் கேள்வி கேக்குறீங்க. எங்க போச்சு, என்ன தின்னுச்சு, ஏன் குருவிய வெரட்டலன்னு. உங்க சாமிகிட்ட ஒரே ஒரு கேள்வி, அது கேக்கக்கூடாதா? எந்த ஊரு நியாயம்யா இது?"

யனுவாரியா வீட்டுக்காரர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள்.

ரொகாத்தா குடத்தை இறக்கினாள். கொண்டையிலிருந்து எலும்பு ஊசியை உருவிக்கொண்டு சாந்தைக் குத்த ஆரம்பித்தாள். மயிர் அவிழ்ந்து முகத்தில் விழுந்தது. விடிகாலையில் பூசியது, உள்ளே இன்னும் ஈரம். ஊசி ஒடிந்ததும் விரலாலேயே தோண்டினாள்.

"சுண்ணாம்பு கைய அரிச்சிடும்டி."

"அரிக்கட்டும்."

அவன் தடுக்கவும் இல்லை, கரணையைக் கொடுக்கவும் இல்லை. கடைசிக் கட்டி பெயர்ந்து வந்தது. அவள் குடத்தைத் தூக்கிச் சரித்தாள். பால் இறங்குகிற சத்தம் கேட்டது, முதலில் குழாய்க்குள், அப்புறம் ஆழத்தில் ஏதோ ஒன்றின் மேல்.

பாரிக் மண்டி போட்டான். குனிந்து, கன்னம் சாந்தில் பட, காதைக் குழாய் ஓரமாக வைத்து மூச்சை அடக்கிக்கொண்டு, கீழே குடிக்கிற சத்தம் வருகிறதா என்று உற்றுக் கேட்டான். ரொகாத்தா குடத்தை நிமிர்த்தவில்லை. பால் குழாய் வாய் நிரம்பித் தளும்பி அவன் காதோரம் வழிந்து தாடிக்குள் இறங்கியது. அவன் தலையை எடுக்கவில்லை.