லூசியஸ் டார்வரின் விலாசம்

ஞாயிறு ஆராதனை முடிந்து, தேவாலயக் கூடத்தில் பொரித்த கெளுத்தி மீனைப் பரிமாறிக்கொண்டிருந்தபோது, ஹோசியா எல்லோர் காதிலும் விழும்படி கேட்டான்.

"என்ன மச்சான், என் வீட்டுக் கீழ்த்தளம் வசதியா இருக்கா?"

லூசியஸ் டார்வருக்கு விளங்கவில்லை. அவர் டெட்ராய்ட்டின் கார் ஆலையில் கதவு பொருத்தி ஓய்வு பெற்றவர். ஹோசியா, அவருடைய காலமான மனைவியின் தம்பி. நகரத்தை விட்டு சவுத்ஃபீல்டு என்ற புறநகருக்குக் குடிபோனவன்.

"உங்க கார் இன்சூரன்ஸ் அட்டை என் வீட்டுக்கு வந்திருக்கு. இனிமே நீங்க என் குடித்தனக்காரர். லேட்டா வந்தா கதவு திறக்க மாட்டேன்."

மேசை முழுக்கச் சிரித்தது. லூசியஸ் மகள் டெனிட்டாவைப் பார்த்தார். அவள் குனிந்து முள்ளெடுத்துக்கொண்டிருந்தாள்.

போன குளிர்காலத்தில், சிவப்பு விளக்குக்கு நின்ற அவர் காரை ஒருவன் பின்னாலிருந்து இடித்தான். தப்பு யாருடையது என்று மிச்சிகன் சட்டம் கேட்காது. அவரவர் சேதத்துக்கு அவரவர் காப்பீடு. அது போகட்டும். அடுத்த தவணையிலேயே கட்டணம் எகிறியது. கேட்டால், இடித்தவனால் இல்லையாம். அவர் குடியிருக்கும் பகுதியால் ஏறியதாம். "நீயே பேசு" என்று மகளிடம் விட்டார். புறநகரில் கட்டணம் குறைவு என்று அவள் மாமன் விலாசத்தைக் கொடுத்துவிட்டாள். டெட்ராய்ட்டில் பாதிக் கார்கள் காகிதத்தில் புறநகரில்தான் நிற்கின்றன.

"எல்லாரும் செய்யறதுதானேப்பா," என்றாள், வீடு திரும்பும்போது. "பாஸ்டர் காரே அவர் தங்கச்சி விலாசத்துலதான் இருக்கு."

"அவர் பாவத்துக்கு அவர் ஜெபம் பண்ணிக்கட்டும்."

"பாதிக்குப் பாதி குறையுதுப்பா."

"நம்ம தெருவே லாயக்கில்லைன்னு இன்சூரன்ஸ்காரன் சொல்றான். நீ ஆமாம்னு கையெழுத்து போட்டிருக்கே."

திங்கட்கிழமை கோட்டு, தொப்பியோடு காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனார். முகவர் பெட்வே அம்மாள் குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, நீங்க ஒண்ணும் சொல்லலை, நானும் ஒண்ணும் கேக்கலைன்னு விட்டுருவோமே."

"சொல்லத்தான் வந்தேன். லெனாக்ஸ் தெரு. எழுதுங்க."

பெட்வே அம்மாள் எழுதினார். புதுக் கட்டணத்தைக் காட்டும் கணினித் திரையை லூசியஸ் பக்கம் திருப்பினார்.

"கட்ட முடியுமா ஐயா?"

"முடியாது. ரத்து பண்ணுங்க. ஆனா விலாசத்தை மாத்திட்டு ரத்து பண்ணுங்க."

"ரத்தாகப் போறதுக்கு விலாசம் எதுக்கு?"

"டார்வர் சவுத்ஃபீல்டுல இருந்தான்னு உங்க காகிதம் ஒரு நாளும் சொல்லக் கூடாது."

அன்று மாலை, காரை வீட்டு முற்றத்தில் நிறுத்தி, காப்பீடில்லாத கார் சாலையில் ஓடக் கூடாதென்று நம்பர் தகட்டைத் தானே கழற்றினார். எதிர்வீட்டுக்காரர் என்ன ஆச்சு என்று கேட்டபோது, தெருவின் பெயரைச் சொல்லி, அதுதான் குற்றமாம் என்றார்.

புதன்கிழமை ஜெபக் கூட்டத்துக்குப் போகத் தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தில் நின்றார். பனிக்காற்று முகத்தில் அறைந்தது. ஹோசியாவின் கார் பக்கத்தில் வந்து நின்றது.

"ஏறுங்க மச்சான். விளையாட்டுக்குச் சொன்னேன்."

"தெரியும். நீ போ. நான் பஸ்ல வர்றேன்."

"அந்த பஸ் எப்ப வருமோ."

"வர்றப்ப வரும்."

ஹோசியா கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டிருந்தான். பிறகு காரை ஓரங்கட்டிப் பூட்டிவிட்டு வந்து, அவர் பக்கத்தில் நின்று தோளைக் குறுக்கிக்கொண்டான்.

"கொஞ்சம் தள்ளுங்க. காத்து அடிக்குது."

லூசியஸ் தள்ளவில்லை. "என் தெருக் காத்துதான். நில்லு, பழகிடும்."