பவளவேணி கரைக்கு வந்த காலை

செசீலியா அக்கா வீட்டுப் பின்னறைக்கு ஓடு மாற்றப் போன இரண்டாம் நாள், தேத்தண்ணி நேரத்தில் மேசையில் கிடந்த சின்னப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்தேன். நாற்பத்தொன்பது வயதில் எழுத்துப் படித்தவன் நான். பஸ் ரிக்கற், மருந்துப் பெட்டி, எதைக் கண்டாலும் வாசித்துவிடுவேன். மனதுக்குள் வாசிக்க இன்னும் வராது. வாய்விட்டுத்தான்.

அட்டையில் 'பவளவேணி' என்றிருந்தது. அதன் கீழே 'பேசும் படம், ஐம்பத்திரண்டு பாட்டுகள்'. ஏழாம் பாட்டை எழுத்துக் கூட்டினேன்.

"கரைவந்து சேராயோ, கண்ணாளனே – இந்தக்
கன்னிமனம் அறியாயோ, மன்னவனே."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். நான் கல்குடாவில் கரைவலை இழுக்கிறவன். எங்கள் வலைக்கு முறை இல்லாத நாட்களில்தான் பட்டணத்துக்குக் கூலிக்கு வருவேன். கயிறு இழுக்கும்போது பாடுவதை அம்பா என்போம். எங்கள் வலையின் அம்பாதான் அந்தப் புத்தகத்தில் அச்சாகிக் கிடந்தது.

"அக்கா, இத நாங்க பாடுறம்."

"எங்க? கோயில்லயா?"

"கடல்ல. வலை இழுக்கக்குள்ள."

அக்கா பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டார். அவருக்கு எழுபத்தெட்டு வயது. முன்பு தபால் கந்தோரில் வேலை. பதினெட்டு வயதில் நாடகக் கூட்டத்தோடு சென்னைக்குப் போய் அந்தப் படத்தில் நடித்துப் பாடியவர் அவருடைய அம்மா.

"ஒரு துண்டுப் பிலிமும் மிஞ்சல்ல தம்பி. இசைத்தட்டும் போடல்ல. கேக்காத இடமில்ல. கலியாணத்தோட பாட்ட விடச்சொல்லிட்டார் அப்பா. எனக்குத் தாலாட்டுக்கூடப் பாடல்ல அவ. சொல்லு மட்டும் இந்தப் புத்தகத்தில இரிக்கு. அம்மாட குரல் எந்தப் பக்கம் ஏறினது, எங்க இறங்கினது எண்டு ஒருக்காக் கேட்டாப் போதும். பாடு தம்பி."

எழும்பி நின்று வாயைத் திறந்தேன். வரவில்லை. நாற்பது வருடமாகப் பாடுகிற பாட்டு!

"கயிறு வேணுமக்கா. கயிறு பிடிச்சாத்தான் வரும்."

கொடிக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டுவந்து ஜம்பு மரத்தில் கட்டிக் கொடுத்தார். இழுத்தேன். மரம் அசையவில்லை, பாட்டும் அசையவில்லை.

"மரம் வராதெண்டு உடம்புக்குத் தெரியுமக்கா. வாற சாமானா இருந்தாத்தான் பாட்டும் வரும்."

அக்கா சிரித்தார். பிறகு முகம் மாறிவிட்டது.

"இந்தப் புத்தகத்தப் படம் ஓடின இடமெல்லாம் வித்தவங்க. ஆரும் சொல்லை மட்டும் எடுத்துத் தங்கட மெட்டில கட்டியிருந்தா? அது அம்மாட மெட்டுத்தானெண்டு எப்பிடித் தெரியும்?"

"சனிக்கிழமை எங்கட வலைக்கு முறை. வந்து கேளுங்க" என்றேன்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அக்கா கல்குடாவில் வந்து இறங்கினார். எங்கள் வலையின் தலைவர், மண்டாடி பாலசுந்தரம் அண்ணன், விஷயத்தைக் கேட்டதும் முறைத்தார்.

"டேய் நாகமுத்து, அது என்ட அப்பப்பா கட்டின பாட்டு. வேற ஒரு வலையிலயும் பாடமாட்டாங்க. படத்தில வந்ததாமா?"

"அண்ணன்ட அப்பப்பாவா கன்னிமனம் எண்டு பாடினவர்?" என்றான் எங்களோடு வலை இழுக்கும் ஜொய்சன். "அந்த மீசையோடயா?"

எல்லோரும் சிரித்தோம். அண்ணன் சிரிக்கவில்லை. "கயித்தப் பிடிங்கடா" என்றார்.

கயிறு இறுகியது. பாட்டு தானாக வந்தது. செசீலியா அக்கா செருப்பைக் கையில் பிடித்தபடி ஈரமணலில் நின்றார். முதல் வரி போனது. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. தெரியாத ஊர்க்காரரைப் பார்ப்பதுபோலத்தான் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாம் வரி முடிந்ததும், வழக்கம்போல முப்பது பேரும் ஒரே குரலில் "ச்சூ! ச்சூ!" என்று ஓரடி பின்னால் வைத்தோம். அந்த இடத்தில்தான் கயிறு நன்றாக ஏறும்.

"நிப்பாட்டுங்க!" என்று அக்கா கத்தினார்.

பாதியில் வலையை யார் நிறுத்துவார்? நாங்கள் இழுத்தபடி பின்னால் போக, அவரும் எங்களோடு மணலில் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"அந்த ச்சூ என்னது?"

"அதுவும் பாட்டுத்தானக்கா!"

"புத்தகத்தில இல்லியே!"

"எங்களுக்கென்ன தெரியும்? அப்பிடித்தான் பாடுற!"

அவருக்கு மூச்சு வாங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை.

"அது காகம் தம்பி! அந்த நேரம் படத்தையும் பாட்டையும் ஒண்டாத்தான் எடுக்கிற. வெளியில, மரத்துக்குக் கீழ. ஆர்மோனியக்காரர் பத்தைக்குப் பின்னால ஒளிச்சிருந்து வாசிச்சாராம். அம்மா பாடக்குள்ள காகம் ஒண்டு வந்து கொப்பில இருந்திட்டு. ஆரோ ச்சூ ச்சூ எண்டு கலைக்க, அதுவும் படத்தில விழுந்திட்டு. திருப்பி எடுக்கப் பிலிம் இல்லயாம். சனம் சிரிக்குமெண்டு சாகுமட்டும் வெக்கப்பட்டவ. படத்தக் காதால கேட்டவங்களுக்குத்தான் இது தெரியும்."

பாலசுந்தரம் அண்ணன் கயிற்றை விடாமல் திரும்பிப் பார்த்தார்.

"அப்பப்பா மூண்டு நாளும் பட்டணத்துக் கூடாரத்துக்குப் போனவரெண்டு அப்பா சொல்லுவார். கூத்துப் பாக்கவெண்டு நினைச்சிருந்தன். படம்தான் போல."

எனக்குத் தோளெல்லாம் எரிந்தது, ஆனாலும் மனம் நிறைந்துபோயிருந்தது. தலைக்கு மேலே காகம் விரட்டுகிறார்கள், அந்தப் பதினெட்டு வயதுப் பெண் சுருதி தவறாமல் அடுத்த வரிக்குப் போயிருக்கிறாள். எழுத்தறியாத ஒரு மனிதன் மூன்றே நாளில் அதைக் காதால் வாங்கி, காகத்தையும் விடாமல் கடற்கரைக்குக் கொண்டுவந்திருக்கிறான்.

வலை கரையை நெருங்க, பாட்டு ஓட்டமெடுத்தது. மீன் சேரும் மடி மணலில் ஏறியதும் பாட்டும் நின்றுவிட்டது.

"இன்னொருக்கா," என்றார் அக்கா. "மெதுவா."

மெதுவாக இழுத்தால் மீன் அடியால் பாய்ந்துவிடும். அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பாலசுந்தரம் அண்ணன் கடலையும் அக்காவையும் பார்த்தார்.

"போடுங்கடா வலைய. இந்த முறை அவங்கட அம்மாட ஓட்டத்துக்கு இழுப்பம்."

இரண்டாம் முறை அக்காவும் கயிற்றின் கடைசியைப் பிடித்தார். இரண்டாம் வரி முடிந்தபோது எங்களுக்கு முந்தி அவருடைய குரல்தான் எழுந்தது. "ச்சூ! ச்சூ!"

மடியில் அரைக்கூடை மீன்கூட இல்லை. அக்கா இன்னும் கயிற்றைப் பிடித்தபடியே நின்றார்.

"காகம் போயிட்டுதக்கா," என்றான் ஜொய்சன். "இனிக் கயித்த விடுங்க."