நெருங்கிய உறவினர்

18.8.2005, வியாழன். காலை 8.10.
நேற்று எழுதியதில் ஒரு தவறு. அண்ணனுக்கு நடந்தது அறுபத்திரண்டாவது டயாலிசிஸ் என்று எழுதியிருக்கிறேன். ஃபைலைப் பார்த்தேன். அறுபத்து மூன்று. எங்கே ஒன்றை விட்டேன் என்று தெரியவில்லை. பிப்ரவரியாக இருக்கலாம்.

அதன் கீழே இசக்கிசெல்வி கோடு போட்டுக்கொண்டிருந்தபோது வார்டுக்குள் ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. எட்டு நாற்பதுக்கு அண்ணன் அருள்பாண்டி இறந்துபோனான். இருபத்தேழு வயது.

பதினோரு மணிக்கு இசக்கிசெல்வி உடலை வாங்கும் கவுண்டரில் நின்றாள்.

"நீ இன்னா வேணும் அவருக்கு?"

"தங்கச்சி."

"கூடப் பொறந்ததா?"

"ஆமா சார்."

"ப்ரூஃப் எதுனா வச்சினுகிறியா?"

கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. அதைப் பிடித்துச் சுடிதாருக்குள் போட்டுக்கொண்டாள். அட்டையில் இருந்தது அவள் முகம்தான். பெயர் தங்கமாரி, த/பெ நயினார்.

தங்கமாரி அவளுடைய பெரியப்பா மகள். ப்ளஸ் டூ பாஸ் செய்து, கல்யாணமாகி, கோவில்பட்டிப் பக்கம் இருக்கிறாள். இசக்கி கணக்கில் பெயில். ஸ்ரீபெரும்புதூர் வயரிங் கம்பெனியில் ப்ளஸ் டூ பாஸ் கேட்டார்கள் என்று அக்காவின் சான்றிதழைக் கொடுத்து அக்காவின் பெயரிலேயே சேர்ந்துவிட்டாள். அவள் லைனில் இப்படி இன்னும் நாலு பேர் இருந்தார்கள். மாலை டுடோரியலில் கணக்குப் படித்துச் சொந்தப் பெயரில் பாஸ் செய்ததும் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்றிருந்தாள்.

அதற்குள் ஒரகடத்தில் வெல்டராக இருந்த அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போயின. அவன் பி குரூப் ரத்தம், இவள் ஏ. இவளால் நேராகக் கொடுக்க முடியாது. அம்மா இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை. டாக்டர் ஒரு தாளில் நான்கு வட்டம் போட்டுக் காட்டினார். ஏ குரூப் நோயாளி, கொடுக்க வந்தவர் பி என்று இன்னொரு குடும்பம் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம். அப்படிப்பட்டவர்களுக்கென்று ஒரு நோட்டு இருந்தது. ஒன்பது மாதம் அதில் அவர்கள் பெயர் இருந்தது. ஏப்ரலில் குன்றத்தூரிலிருந்து யாக்கோபும் அவர் மனைவி ராஜம்மாவும் வந்தார்கள். ராஜம்மா ஏ, யாக்கோபு பி.

யாரும் காசுக்கு விற்கவில்லை என்று அரசுக் குழு ஒன்று பார்த்து அனுமதிக்க வேண்டும். குழு மாதம் ஒரு முறை கூடும். அங்கே ஒருவர், "கார்டு?" என்றார். மூன்று வருடமாகக் கம்பெனி கேட்டில் அந்த வார்த்தையைக் கேட்டால் கை தானாகக் கழுத்துக்குப் போகும். போனது. எடுத்து நீட்டினாள்.

தகப்பன் பெயர் வேறு. நெருங்கிய உறவினர் அல்ல என்றார்கள். அவள் உண்மையைச் சொன்னாள். அது பொய்யைவிட மோசமாகக் கேட்டது. "எந்த புரோக்கர்மா உன்னக் கூட்டினு வந்தான்?" என்றார் ஒருவர். ஊர்த் தாசில்தாரிடமிருந்து உறவுச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார்கள். அதற்குப் பதினாறு வாரம் ஆனது. இடையில் யாக்கோபு குடும்பத்துக்கு வேறு ஜோடி கிடைத்து, ஆபரேஷனும் முடிந்தது.

சான்றிதழ் போன வியாழன்தான் வந்தது. இசக்கி பையிலிருந்து எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். அந்த ஆள் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார்.

"கரெக்டா கீது. ஒரு ஜெராக்ஸ் எடுத்தாந்துடு."

மகனைப் பார்க்க முந்தின இரவே ஊரில் பஸ் ஏறியிருந்த அப்பா பிச்சையா வந்து சேர மதியமாகிவிட்டது. அதற்கு முன்பே அவர்கள் வாடகைக்கு இருந்த பிள்ளைப்பாக்கத்து வீட்டின் சொந்தக்காரர் முனிரத்தினம் சொல்லிவிட்டார்.

"கோச்சுக்காதமா. வூட்டாண்ட வேணாம். மத்த ரூம்ல பேச்சிலர் பசங்க கீறாங்க, பயந்துடுவாங்க. நேரா சுடுகாட்டுக்கே போய்டு. கட்டைக்கு நான் சொல்லிட்டேன்."

வேனைச் சுடுகாட்டுப் பாதையில் நிறுத்தி, அங்கேயே தண்ணீர் ஊற்றினார்கள். ஊதாச் சட்டையோடு அண்ணனின் லைன் பையன்கள் ஆறு பேர் நின்றார்கள்.

"ஏ இசக்கி, அவன் காலைப் பாத்தியாட்டி? இப்படி வீங்கியிருக்கே" என்றார் அப்பா. "ஊர்ல இருந்தப்ப செருப்பு நம்பர் எட்டு."

முனிரத்தினம் அவளைத் திரும்பிப் பார்த்தார். "இன்னாமா, என்னாண்ட தங்கமாரின்ன, உங்கப்பாரு இசக்கின்றாரு. எத்தினி பேரு உனுக்கு?"

உடலை உள்ளே தூக்கிப் போனார்கள். பெண்கள் போகக்கூடாது என்பதால் அவள் வேனருகே நின்றாள். அங்கேதான் யாக்கோபு வந்தார். ஸ்டாண்டு போட்ட சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார். இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தார்.

"ராஜம்மாதான் போயிட்டு வான்னுச்சு. அது கும்பல்ல வரக்கூடாதாம்."

"அக்கா நல்லா இருக்காவளா?"

"நல்லா கீது. மூத்திரம் நல்லா போவுது."

சொன்னதும் அவர் முகம் மாறியது. தொப்பியைக் கழற்றுவதுபோலத் தலையைத் தடவிக்கொண்டார்.

"மூணு மாசம் என் கிட்னி உங்க அண்ணனுக்குன்னே நெனச்சினு இருந்தேன்மா. அந்தப் பேரச் சொல்லித்தான் ஜெபமே பண்ணுவோம். இன்னும் ஒரு மாசம் நின்னுருக்கலாம். ராஜம்மாவுக்கு மூச்சு வாங்கிடுச்சு, நான் பயந்துட்டேன்."

"நானா இருந்தாலும் நின்னுருக்க மாட்டேன் அண்ணாச்சி."

அது உண்மையா என்று யோசித்தாள். தெரியவில்லை. புகை ஏரிப் பக்கமாகச் சாய்ந்து போவதை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நாலரைக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து கம்பெனிக்குப் பேசினாள். சூப்பர்வைசர் ஹேமந்த் எடுத்தார்.

"யாரு, தங்கமாரியா? எங்கம்மா ஆளையே காணோம்?"

"சார், எங்க அண்ணன் இறந்துட்டான்."

"அய்யோ. இரு, ஃபைலப் பாக்கறேன்." தாள் புரளும் சத்தம் வந்தது. "உனக்கு அண்ணனே இல்லையே. ரெண்டு தங்கச்சின்னுதான் போட்டுக்குது. சொந்த அண்ணன்னா மூணு நாள் லீவு, டெத் சர்டிபிகேட் வைக்கணும். சித்தப்பா, பெரியப்பா பசங்கன்னா இன்னிக்கு ஒரு நாள்தான். என்னான்னு போடட்டும்?"

பூத்துக் கண்ணாடிக்கு வெளியே அப்பா ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். மீட்டரில் சிவப்பு எண் மாறியது.

"சித்தப்பா மகன் சார்."

"சரிம்மா. மனசத் தேத்திக்க."

மாலை 6.20.
அண்ணன் இறந்த நேரம் 8.40. நர்ஸ் 8.45 என்று எழுதியிருக்கிறார். இரண்டையும் குறித்து வைக்கிறேன்.
நாளை காலை பால் தெளிக்க அப்பா போவார். வழி சொல்லிவிட்டேன்.
எனக்கு ஏ ஷிப்ட். பஸ் 5.40.